டராம் நகரமும் அதன் பேராலயமும்

இங்கிலாந்தின் வடகிழக்கிலே, மேற்குமலைகளிற் பிறந்து கடலை நோக்கி ஓடும் வியர் என்னும் ஆறு, ஓரிடத்தில் உயர்ந்த பாறைக் குன்றொன்றைச் சுற்றி வளைந்து, வந்த திசைக்கே மீள்வது போலத் திரும்பி ஓடுகின்றது. குன்றின் மூன்று புறமும் ஆறும் செங்குத்தான கரையுமாம். நான்காம் புறத்தில் மாத்திரமே ஒடுங்கிய நிலவழி ஒன்றுண்டு. இக்குன்றின் உச்சியில் இரண்டு பெருங் கட்டடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று பேராலயம், மற்றையது கோட்டை. ஒன்று வழிபாட்டிற்கு உரியது. மற்றையது போருக்கு உரியதாய் இருந்தது. ஆயினும் பண்டு இரண்டிற்கும் தலைவர் ஒருவரே. அவர் டராம் மேற்றிராணியார். இந்நகரின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் இவ்வொரு செய்தியிலேயே அடங்கியுள்ளது.

டராம் ஒருபோதும் பெருநகராய் இருந்ததில்லை. யோர்க் நகரைப் போல உரோமர் காலத்துப் பெருமை அதற்கில்லை. நியூகாசில் நகரைப் போலத் துறைமுகச் செல்வமும் இல்லை. எனினும், தேம்ஸ் நதிக்கரையிலிருந்த அரசரின் கை எளிதில் எட்டாத வடபுலத்திற்கு, எண்ணூறு ஆண்டுகளாக இச்சிறு நகரே சமயத்திற்கும் ஆட்சிக்கும் நீதிக்கும் தலைமையிடமாய் விளங்கியது. அவ்வாட்சி மறைந்த பின்னர், நிலத்தின் அடியிலே நிலக்கரி வெட்டிய இலட்சக்கணக்கான தொழிலாளர் தமது தலைநகராக இதனையே கொண்டனர். ஒரு முனிவரின் உடல், ஒரு மேற்றிராணியாரின் வாள், ஒரு தொழிலாளியின் விளக்கு ஆகிய இம்மூன்றையும் பற்றியதே டராமின் கதை எனலாம்.

முதலில் முனிவரைப் பற்றிக் கூறவேண்டும். ஏழாம் நூற்றாண்டில், வடகடலோரத்து லிண்டிஸ்பான் தீவின் மடத்தில் கத்பேட் என்னும் துறவி வாழ்ந்தார். மக்களோடு பழகி அவர்தம் துயர் தீர்த்தவர். பின்னர் கடல் சூழ்ந்த சிறு தீவொன்றிலே தனித்துத் தவம் புரிந்தவர். கி. பி. 687 ஆம் ஆண்டில் அவர் காலமானார். 11 ஆண்டுகளின் பின் கல்லறையைத் திறந்த துறவிகள் அவருடல் அழியாதிருக்கக் கண்டனர் என்று அக்காலத்து நூல்கள் கூறும். அன்று தொட்டு வடபுல மக்களுக்குக் கத்பேட் காவல் முனிவரானார்.

793 ஆம் ஆண்டில் வைக்கிங் கடலோடிகள் லிண்டிஸ்பான் மடத்தைச் சூறையாடினர். அச்சம் நீங்காத துறவிகள், 875 ஆம் ஆண்டில், முனிவரின் உடலிருந்த பேழையைத் தோளிற் சுமந்து தீவை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் அவர்கள் ஊரூராக அலைந்தனர். 883 ஆம் ஆண்டில் செஸ்டர்-லீ-ஸ்திரீற் என்னும் இடத்தில் தங்கி, அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தனர். 995 ஆம் ஆண்டில் மீண்டும் பகைவர் பயம் தோன்றவே, பேழை மறுபடியும் புறப்பட்டது. வழியிலே பேழை அசையாது நின்றுவிட்டதென்றும், காணாமற்போன தன் பசுவைத் தேடிவந்த பெண்ணொருத்தியின் சொல்லைக் கேட்டுத் துறவிகள் இக்குன்றை அடைந்தனரென்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அப்பசுவின் உருவம் பேராலயச் சுவரிலே கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. கதை எவ்வாறாயினும், மூன்று புறமும் ஆறு அரணாக அமைந்த குன்றினைத் தேர்ந்தவர்கள் இடமறிந்து தேர்ந்தவர்களே என்பதில் ஐயமில்லை. இவ்வாறு, ஒரு பேழைக்குப் புகலிடம் தேடியதன் பயனாக ஒரு நகரம் பிறந்தது. ஆங்கிலேய வரலாற்றின் தந்தையெனப் போற்றப்படும் பீட் துறவியின் எலும்புகளும் பதினோராம் நூற்றாண்டிலே ஜாரோ என்னும் இடத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டன.

1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். தென்பகுதி விரைவிற் பணிந்தது, வடபகுதி பணியவில்லை. 1069 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வில்லியம் மன்னரால் அனுப்பப்பட்ட றொபேட் டி கொமின் என்னும் பிரபு தன் படையோடு டராமினுட் புகுந்தான். அடுத்த நாட் காலையில் மக்கள் திரண்டெழுந்து, அவனையும் அவன் படையினரையும் கொன்றொழித்தனர். இதற்கும் தொடர்ந்தெழுந்த கிளர்ச்சிகளுக்கும் மன்னர் அளித்த விடை கொடிது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் வடபுலத்து ஊர்களும் களஞ்சியங்களும் தீக்கிரையாயின. உழவு மாடுகளும் அழிக்கப்பட்டன. பஞ்சத்தால் மக்கள் மாண்டனர். 1072 ஆம் ஆண்டில் குன்றின் ஒடுங்கிய வாயிலைக் காக்கும் வகையிற் கோட்டை எழலாயிற்று. வால்க்கர் என்னும் மேற்றிராணியாரிடம் பிரபுவின் அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் 1080 ஆம் ஆண்டில் கேற்ஸ்ஹெட் என்னுமிடத்தில் அவரும் மக்களாற் கொல்லப்பட்டார்.

இத்தகைய நாட்டை ஆள்வது எங்ஙனம் என்பதே நோர்மானிய மன்னர்களின் முன் நின்ற வினாவாகும். அதன் வடக்கெல்லையிலே ஸ்கொத்லாந்து. இலண்டனிலிருந்து படை வருவதற்குப் பல நாட்கள் செல்லும். ஆதலின் எல்லையைக் காப்பவனுக்கு அரசனுக்கு நிகரான அதிகாரம் வேண்டும். ஆனால், அத்தகைய அதிகாரத்தை ஒரு பிரபுவுக்குக் கொடுத்தால், அவன் மகனும் பேரனும் அதனைப் பரம்பரைச் சொத்தாக்கி, நாளடைவில் மன்னருக்கே எதிராக எழக்கூடும். மேற்றிராணியாருக்கோ சட்டப்படியான வாரிசு இல்லை. அவர் இறந்ததும் அதிகாரம் மன்னரின் கைக்கு மீளும். அடுத்தவரைத் தேர்வதில் மன்னரின் விருப்பமே பெரும்பாலும் வெல்லும். துறவறத்தின் விதியொன்று அரசியலுக்கு அரணாயிற்று.

இவ்வாறே டராம் மேற்றிராணியார்கள் இளவரச மேற்றிராணியார்கள் எனப் பெயர் பெற்றனர். அவர்களுக்குச் சொந்த நீதிமன்றங்கள் இருந்தன. சொந்த நாணயச்சாலை இருந்தது. வரி விதிக்கவும் படை திரட்டவும் உரிமை இருந்தது. 1300 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வாழ்ந்த அந்தோனி பெக் என்னும் மேற்றிராணியாரின் காரியத்தர் ஒருவர், இங்கிலாந்தில் முடியணிந்த அரசர் ஒருவரும் மேற்றிராணியார்க்குரிய தலையணி அணிந்த அரசர் ஒருவருமாக இருவர் உளர் என்று துணிந்து கூறினாராம். இப்பெருமைக்கு மக்கள் கொடுத்த விலையும் ஒன்றுண்டு. மேற்றிராணியாரின் நாடென்ற காரணத்தால், டராம் பகுதி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் இன்றியே இருந்தது. 1670 களிலேதான் அங்கிருந்து முதன்முதல் உறுப்பினர் சென்றனர்.

வால்க்கருக்குப் பின்வந்த வில்லியம் என்னும் மேற்றிராணியார், 1083 ஆம் ஆண்டில் பெனெடிக்ற் சபைத் துறவிகளை இங்கே குடியமர்த்தினார். பத்தாண்டு கழித்து, 1093 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், புதிய பேராலயத்திற்கு அடிக்கல் இடப்பட்டது. நாற்பது ஆண்டுகளில், 1133 ஆம் ஆண்டளவில், அதன் பெரும்பகுதி நிறைவேறியது. ஒரே நோக்கோடு, ஒரே தலைமுறையினரும் அவர்தம் மக்களும் கட்டி முடித்தமையால், நோர்மானியச் சிற்பக்கலையின் ஒருமைப்பாடு இங்கே விளங்குவது போல் வேறிடங்களில் விளங்குவது அரிது.

இப்பேராலயத்தின் நடுமண்டபத்தில் நிற்கும் உருண்டைத் தூண்கள் 6.6 மீற்றர் உயரமும் அதே அளவு சுற்றளவும் கொண்டவை. வளைவரியும் சாய்சதுரமுமாகிய கோலங்கள் அவற்றிலே ஆழ வெட்டப்பட்டுள்ளன. ஆயினும் அறிஞர் வியப்பது தூண்களையன்று, மேலேயுள்ள கல்விதானத்தையே. அக்காலத்துப் பேராலயங்கள் பலவற்றிற்கு மரக்கூரையே இருந்தது. மரக்கூரை தீக்கு இரையாகும். டராமின் சிற்பிகள் கூரை முழுவதையும் கல்லால் அமைத்தனர். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல்விலாக்கள் கூரையின் பாரத்தை ஏந்தித் தூண்களுக்கு இறக்கின்றன. விலாக்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கல்லால் நிரப்பினாற் போதும். நடுமண்டபத்தின் குறுக்கு வளைவுகளை வட்டமாக அமையாது கூர்முனையாக அமைத்தமையால், அகலம் வேறுபட்ட வளைவுகளையும் ஒரே உயரத்திற்கு எழுப்ப முடிந்தது. பின்னர் பிரான்சிலும் ஐரோப்பா எங்கணும் ஓங்கி எழுந்த கொதிக் கட்டடக்கலைக்குரிய முக்கிய உறுப்புக்கள் இங்கே முன்னரே ஒன்றுசேர்ந்து விட்டன. எல்லைப்புறத்து நகரொன்றில், நாடு தீயில் வெந்து கால் நூற்றாண்டு கழியுமுன்னர் இப்பணி தொடங்கியதென்பது சிந்திக்கத்தக்கது. வென்றவரின் வலிமையை வெல்லப்பட்டவருக்கு உணர்த்தும் நோக்கமும் அதில் இருந்தது. வெல்லப்பட்டவரின் முனிவரைத் தமது முனிவராக ஏற்றுக்கொள்ளும் நோக்கமும் இருந்தது. 1104 ஆம் ஆண்டில் கத்பேட் முனிவரின் பேழை புதிய பேராலயத்திற்கு மாற்றப்பட்டது.

அதன்பின் யாத்திரிகர் கூட்டம் பெருகியது. யாத்திரிகரால் நகரின் கடைவீதி வளர்ந்தது. பேராலயத்தின் மேற்கோரத்திலே தரையிற் பதித்த கருங்கல் வரியொன்று உண்டு. துறவிகளின் ஆலயமாதலின், பெண்கள் அவ்வரியைக் கடந்து முனிவரின் சன்னிதியை நோக்கிச் செல்லலாகாது என்பது விதி. வடவாயிற் கதவிலே சிங்கமுகம் போன்ற வெண்கல வளையம் ஒன்று தொங்கும். குற்றஞ் சாட்டப்பட்டு ஓடிவருபவன் அவ்வளையத்தைத் தட்டினால் அவனுக்கு 37 நாட்கள் அடைக்கலம் கிடைக்கும். அதற்குள் அவன் வழக்கை எதிர்கொள்ளத் துணியவேண்டும். அன்றேல் நாட்டைத் துறந்து செல்லவேண்டும். பழிக்குப் பழி வாங்குதல் வழக்கமாயிருந்த காலத்தில், கோபம் ஆறுவதற்கு அளிக்கப்பட்ட தவணை அது. பழைய வளையம் இன்று காப்பகத்தில் உளது. அதன் பிரதியே கதவில் தொங்குகின்றது.

1346 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஸ்கொத்லாந்து மன்னர் இரண்டாம் டேவிட் படையோடு டராமின் எல்லை வரை வந்தார். நகருக்கு மேற்கேயுள்ள நெவில்ஸ் குறொஸ் என்னுமிடத்திலே நடந்த போரில் அவர் தோற்றுச் சிறைப்பட்டார். எல்லை காக்கவெனக் கொடுக்கப்பட்ட அதிகாரம் தன் பயனைக் காட்டியது. ஆனால் அவ்வதிகாரத்திற்கு ஊறு வடக்கிலிருந்தன்று, தெற்கிலிருந்தே வந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் 1536 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மேற்றிராணியாரின் நீதியதிகாரத்தைக் குறைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் கத்பேட் முனிவரின் சன்னிதி இடிக்கப்பட்டு, அதன் பொன்னும் மணியும் அகற்றப்பட்டன. 1539 ஆம் ஆண்டின் இறுதியில் மடமும் கலைக்கப்பட்டது. முனிவரின் உடல் மாத்திரம் அங்கேயே புதைக்கப்பட்டது. 1569 ஆம் ஆண்டில் வடபுலத்துப் பிரபுக்கள் எலிசபெத் அரசிக்கு எதிராக எழுந்து, டராம் பேராலயத்தினுட் புகுந்து பழைய முறைப்படி பூசை நடப்பித்தனர். எழுச்சி சில வாரங்களிலே அடங்கியது. தலைவர்கள் எல்லை கடந்து தப்பினர். அவர்களைப் பின்பற்றிய ஏழை மக்கள் நூற்றுக்கணக்கிலே தூக்கிலிடப்பட்டனர்.

இப்பேராலயத்தின் வரலாற்றில் மிகத் துயரமான அத்தியாயம் 1650 ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வாண்டு செப்டெம்பர் 3 ஆம் நாள், ஒலிவர் குறொம்வெல் டன்பார் என்னுமிடத்தில் ஸ்கொத்லாந்துப் படையை முறியடித்தார். சிறைப்பட்டோர், உணவின்றி, ஏறத்தாழ நூறு மைல் தூரம் தெற்கே நடத்திச் செல்லப்பட்டனர். வழியிற் பலர் வீழ்ந்தனர். எஞ்சிய ஏறத்தாழ 3,000 பேர், அப்போது வழிபாடின்றி வெறுமையாய்க் கிடந்த டராம் பேராலயத்தில் அடைக்கப்பட்டனர். குளிர் தாங்கமாட்டாது அவர்கள் மர இருக்கைகளை எரித்துக் குளிர்காய்ந்தனர் என்பர். பசியும் நோயும் அவர்களைக் கொள்ளைகொண்டன. ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். உயிர் தப்பியோரிற் சிலர் அத்திலாந்திக் சமுத்திரத்திற்கு அப்பால் வட அமெரிக்காவுக்கு வேலையாட்களாக அனுப்பப்பட்டனர். மாண்டோர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பது முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் அறியப்படாதிருந்தது. 2013 ஆம் ஆண்டில், பேராலயத்தை அடுத்த வெளியிற் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது இளைஞர்களின் எலும்புகள் திரளாக வெளிப்பட்டன. அவை டன்பார் கைதிகளுடையனவே என ஆய்வாளர் நிறுவினர். 2018 ஆம் ஆண்டில் அவை நகரின் மயானம் ஒன்றில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. தட்டியவனுக்கெல்லாம் அடைக்கலம் தந்த அதே ஆலயம் பின்னர் ஒரு சிறைக்கூடமாகியதை வரலாறு மறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது இளவரச மேற்றிராணியாரின் ஆட்சி பெயரளவிலே எஞ்சி நின்றது. அதன் செல்வமோ குறையாதிருந்தது. பாராளுமன்றச் சீர்திருத்தக் கிளர்ச்சி மூண்ட அந்நாளில், மக்களின் கோபம் இச்செல்வத்தின் மேற் பாய்ந்தது. வில்லியம் வான் மில்டேட் என்னும் மேற்றிராணியார், செல்வத்தின் ஒரு பகுதியைக் கல்விக்கு ஒதுக்க முன்வந்தார். 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தால் டராம் சர்வகலாசாலை தோன்றியது. அதுவரை உயர்கல்வி நாடிய வடபுலத்து இளைஞர் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் போன்ற தொலைவிடங்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. 1836 ஆம் ஆண்டில் அவர் காலமானதும், மேற்றிராணியாரின் ஆட்சியதிகாரம் முடிக்குரியதாயிற்று. கோட்டை சர்வகலாசாலைக்குக் கொடுக்கப்பட்டது. படைவீரர் காவல் புரிந்த இடம் மாணவர் விடுதியாயிற்று.

ஆனால் அக்காலத்தில் டராமின் தலைவிதியை நிருணயித்தது மேலேயுள்ள குன்றன்று, கீழேயுள்ள நிலமே. டராம் பகுதியின் நிலத்தடியில் நிலக்கரிப் படைகள் பரந்து கிடந்தன. மேற்றிராணியாரும் மடத்தாரும் மத்திய காலத்திலேயே சுரங்கங்களைக் குத்தகைக்குக் கொடுத்துப் பொருளீட்டினர். இலண்டன் மாநகரின் அடுப்புக்களிற் பல வடபுலத்து நிலக்கரியாலேயே எரிந்தன. 1825 ஆம் ஆண்டில் ஸ்ரொக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே அமைந்த புகழ்பெற்ற இருப்புப்பாதையும், இப்பகுதியின் நிலக்கரியைத் துறைக்குக் கொண்டுசெல்லவே எழுந்தது. 1913 ஆம் ஆண்டளவில் டராம் சுரங்கங்களில் ஏறத்தாழ 165,000 பேர் உழைத்தனர்.

அவர்களின் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. ஆண்டுதோறும் முறியெழுதிக் கையொப்பமிடும் தொழிலாளி, ஆண்டு முடியும் வரை அச்சுரங்கத்தை விட்டு விலக முடியாது. 1844 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் போது குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. சுரங்க முதலாளிகளுட் பெரியவராகிய லண்டன்டெறிப் பிரபு, வேலைநிறுத்தம் செய்தோருக்குக் கடன் கொடுக்கலாகாதென்று தம் ஆட்சிக்குட்பட்ட சீஹம் துறைமுகத்துக் கடைக்காரரை எச்சரித்தார். குதிரைமேல் அமர்ந்த அவரது சிலை டராம் சந்தைச் சதுக்கத்தில் இன்றும் நிற்கின்றது. திருச்சபையும் இதற்குப் புறம்பானதன்று. மேற்றிராணியாரின் சொத்துக்களை ஏற்று நடத்திய திருச்சபை ஆணையாளர்கள், வெட்டப்படும் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் உரிமைப்பணம் பெற்றனர். நிலக்கரி உரிமையை அரசுடைமையாக்கும் சட்டம் 1938 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆதலினாற்றான், பேராலயத்தின் மணியோசை சுரங்கத் தொழிலாளியின் செவியில் ஆறுதலாகவும் ஒலித்தது, கசப்பாகவும் ஒலித்தது.

1869 ஆம் ஆண்டில் டராம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நகரிலே நிறுவப்பட்டது. மூன்றாண்டுகளில் அடிமைமுறி ஒழிந்தது. 1871 ஆம் ஆண்டில் சங்கத்தின் முதற் பெருவிழா நடந்தது. அன்று தொட்டு ஆண்டுதோறும், போர், வேலைநிறுத்தம் முதலியன தடைசெய்த ஆண்டுகள் நீங்கலாக, சுரங்கக் கிராமங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பட்டுக் கொடியையும் பித்தளை வாத்தியக் குழுவையும் முன்னிட்டு டராமின் ஒடுங்கிய வீதிகளினூடாக அணிவகுத்து வரும். அவ்வாண்டிலே உயிர்ப்பலி நேர்ந்த சுரங்கத்தின் கொடியிற் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். 1951 ஆம் ஆண்டு மே மாதம் ஈசிங்டன் சுரங்க வெடிவிபத்தில் 83 பேர் மாண்டனர். அத்தகைய ஆண்டுகளில் அக்கறுப்புத் துணியின் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மேற்றிராணியாருக்கும் தொழிலாளருக்கும் இடையே நட்பும் இருந்தது, பகையும் இருந்தது. 1892 ஆம் ஆண்டில், கூலிக் குறைப்பால் எழுந்த பிணக்கு ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்துக் குடும்பங்கள் பட்டினியால் வாடியபோது, மேற்றிராணியார் வெஸ்ற்கொற் இரு தரப்பினரையும் தமது மாளிகைக்கு அழைத்து இணக்கம் செய்வித்தார். முதலாளிகள் கேட்ட குறைப்பிலும் சிறிய குறைப்போடு தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். 1925 ஆம் ஆண்டுப் பெருவிழாவிலோ நிலைமை வேறு. தொழிலாளரின் கோரிக்கைகளைக் கண்டித்துவந்த மேற்றிராணியார் ஹென்சன் இவரே என்று தவறாக எண்ணிய கூட்டத்தார், பேராலயத் தலைமைக் குருவாகிய வெல்டனைச் சூழ்ந்து ஆற்றங்கரைக்குத் தள்ளிச் சென்றனர். பொலிஸ் படகொன்று அவரைக் காப்பாற்றியது. அந்த வெல்டன், அதற்கு முன்னர், இலங்கையும் அடங்கிய கல்கத்தா மாகாணத்தின் மேற்றிராணியாராக இருந்தவர்.

1919 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலேயே தொழிற்கட்சியின் ஆட்சிக்குட்பட்ட முதல் மாவட்டச் சபையாக டராம் மாவட்டச் சபை அமைந்தது. இளமையிலே சுரங்கத்தில் உழைத்த பீற்றர் லீ அதன் தலைவரானார். மேற்றிராணியாரைத் தவிர வேறு பிரதிநிதி அறியாதிருந்த நாடு, தன் சொந்தப் பிள்ளையொருவரைத் தலைவராக்கும் நிலைக்கு வளர்ந்தது. பேராலயமும் மாறியது. 1947 ஆம் ஆண்டில், சுரங்கங்களில் உயிர் நீத்தோருக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. அரசரும் மேற்றிராணியாரும் நடந்த மண்டபத்தில், பெருவிழா நாளன்று, கிராமத்துக் கொடிகள் வாத்திய இசையோடு நுழைந்து ஆசி பெறுகின்றன.

1993 ஆம் ஆண்டில் டராம் நிலக்கரிப் பிரதேசத்தின் கடைசி ஆழ்சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தோடு விழாவும் மறையுமென எண்ணியோர் பலர். ஆனால் விழா மறையவில்லை. சுரங்கம் இல்லாத கிராமங்கள் பழைய கொடிகளைப் பழுதுபார்த்தும் புதிய கொடிகளைத் தைத்தும் யூலை மாதத்தில் இன்றும் டராமுக்கு வருகின்றன. பேராலயத்தையும் கோட்டையையும் 1986 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அவ்வறிவிப்புக் கல்லுக்கும் சிற்பத்திற்கும் உரியது. ஆனால் கல்லிலே பொருளை ஏற்றுபவர் மக்களே. வீடிழந்த துறவிகள் ஒரு பேழையைச் சுமந்து ஏறிய அதே குன்றில், தொழிலிழந்த கிராமத்து மக்கள் தம் கொடியைச் சுமந்து ஏறுகின்றனர். இழந்ததை நினைவிற் கொள்வதற்கும், எஞ்சியதைக் காத்துக்கொள்வதற்கும் ஒரு பொதுவிடத்தை அளித்ததே வட இங்கிலாந்துக்கு டராம் செய்த பெரும்பணியாகும்.